மூளை போட்ட கோடு

டாக்டர் ஹான்ஸ் பெர்கரின் வாழ்க்கை

ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் தலையில் சின்னச் சின்ன உலோக வில்லைகளை ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு கம்பி. கம்பிகள் எல்லாம் ஒரு கருவிக்குப் போகின்றன. கருவியின் திரையில் கோடுகள் நெளிந்து நெளிந்து ஓடுகின்றன.

அந்தக் கோடுகள், மூளைக்குள் ஓடும் மின்சாரத்தின் அடையாளம். இதற்கு இ.இ.ஜி. சோதனை என்று பெயர். காக்காய் வலிப்பைக் கண்டறிய இது உதவுகிறது. இரவு முழுவதும் நடக்கும் தூக்கச் சோதனைக்கும் இதுவே அடிப்படை.

மனிதத் தலையிலிருந்து இந்தக் கோட்டை முதன்முதலாக எடுத்தவர் ஒரு ஜெர்மன் டாக்டர். அவர் பெயர் ஹான்ஸ் பெர்கர். அவர் தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. கிடைத்ததை நம்புவதற்கு அவருக்கே 5 ஆண்டுகள் ஆயின!

பீரங்கி வண்டி

1890-களின் தொடக்கம். ஜெர்மனியில் வுர்ஸ்பர்க் என்ற ஊர். காலை நேரம். ராணுவப் பயிற்சி நடக்கிறது. குதிரைகள் பீரங்கி வண்டிகளை இழுத்துக்கொண்டு ஓடுகின்றன.

ஒரு குதிரையின் மேல் ஓர் இளைஞன். இருபது வயதை ஒட்டிய பருவம். திடீரென்று அந்தக் குதிரை மிரண்டு, முன்னங்கால்களைத் தூக்கி நின்றது. இளைஞன் தூக்கி எறியப்பட்டான். அவன் விழுந்த இடம், உருண்டு வந்த பீரங்கி வண்டியின் பாதை!

சக்கரம் அவனை நோக்கி வந்தது. இன்னும் ஒரு கணம் போனால் உடல் நசுங்கிவிடும். கடைசி நொடியில் வண்டி நின்றது. இளைஞன் உயிர் தப்பினான். உடம்பில் பெரிய காயம் எதுவும் இல்லை. உள்ளம் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

அன்று மாலை அவனுக்கு ஒரு தந்தி வந்தது. அனுப்பியவர் அவனுடைய தந்தை. மகன் நலமா என்று அதில் கேட்டிருந்தார். அதற்கு முன்னால் தந்தை அவனுக்குத் தந்தி அடித்ததே இல்லை.

விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. வெகு தூரத்தில் வீட்டில் இருந்த அவனுடைய அக்காள், தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று காலையில் திடீரெனப் பதறியிருக்கிறாள். உடனே தந்தி அடிக்கும்படி தந்தையை வற்புறுத்தியிருக்கிறாள்.

அந்த இளைஞன்தான் ஹான்ஸ் பெர்கர். அந்தத் தந்தி அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

கவிஞரின் பேரன்

பெர்கர் 1873-ம் ஆண்டு மே மாதம் 21-ந் தேதி, கோபர்க் நகருக்கு அருகில் உள்ள நாய்செஸ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஒரு டாக்டர். கோபர்க்கில் இருந்த மனநோய் மருத்துவமனைக்கு அவர் தலைவர்.

தாயார் அன்னா, புகழ்பெற்ற கவிஞர் பிரடெரிக் ரூக்கெர்ட்டின் மகள். ரூக்கெர்ட் பெரிய மொழிப் புலவர். நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளைக் கற்றவர். அவற்றில் தமிழும் ஒன்று. திருக்குறளின் சில குறள்களை ஜெர்மன் மொழியில் அவர் பெயர்த்திருக்கிறார்.

பேரனுக்கோ கவிதையை விட நட்சத்திரங்கள் மீது ஆசை. வான நூல் கற்பதற்காகப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்பு பிடிக்கவில்லை. கொஞ்ச காலத்திலேயே அதை விட்டுவிட்டு, ஓராண்டு ராணுவச் சேவைக்குப் போனார். அப்போதுதான் அந்த விபத்து நடந்தது.

ராணுவத்திலிருந்து திரும்பிய பெர்கரின் மனத்தில் ஒரே ஒரு கேள்வி இருந்தது. தனக்கு நேர்ந்த ஆபத்து அக்காளுக்கு எப்படித் தெரிந்தது? பயத்தில் தன் மூளை ஏதோ ஒரு சக்தியை வெளியே அனுப்பியதா? அக்காளின் மூளை அதை வாங்கிக்கொண்டதா?

அது தற்செயலாக நடந்தது என்று மற்றவர்கள் சொல்லலாம். பெர்கரால் அப்படி நினைக்க முடியவில்லை. எண்ணத்துக்கு ஒரு சக்தி இருந்தால், அதை ஒரு கருவியால் அளந்தே தீரவேண்டும் என்று முடிவு செய்தார். நட்சத்திரங்களை மறந்தார். டாக்டர் படிப்பில் சேர்ந்தார்.

பகலில் ஒருவர், மாலையில் ஒருவர்

1897-ம் ஆண்டு பெர்கர் டாக்டர் பட்டம் பெற்றார். யேனா பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். அதன் தலைவர் ஓட்டோ பின்ஸ்வாங்கர் என்ற புகழ்பெற்ற பேராசிரியர். வாழ்நாள் முழுவதும் பெர்கர் வேலை பார்த்தது இந்த ஒரே இடத்தில்தான்.

அங்கே உதவியாளராக வேலை செய்த உர்சுலா என்ற பெண்ணை 1911-ம் ஆண்டு அவர் மணந்தார். உர்சுலா பிரபு குடும்பத்தில் பிறந்தவர். இவர்களுக்கு 4 குழந்தைகள் பிறந்தன.

முதல் உலகப் போரின்போது பெர்கர் பிரான்சில் ராணுவ மனநல மருத்துவராகப் பணியாற்றினார். போர் முடிந்தபின் 1919-ம் ஆண்டு, பின்ஸ்வாங்கரின் இடத்துக்கு அவரே தலைவர் ஆனார். 1927-ல் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பதவியும் அவரைத் தேடி வந்தது.

ஊரார் பார்வையில் அவர் கண்டிப்பான மனிதர். நேரம் தவறமாட்டார். அதிகம் பேசமாட்டார். இன்று செய்த வேலையையே நாளையும் அதே மணிக்குச் செய்வார். இவர் பெரிதாக எதையும் கண்டுபிடிப்பார் என்று அவருடன் வேலை பார்த்தவர்கள் எண்ணவில்லை.

மாலையானால் வேறொரு பெர்கரைக் காணலாம். மருத்துவமனை வேலை முடிந்ததும் ஒரு சிறிய அறைக்குள் போய்விடுவார். அங்கே என்ன செய்கிறார் என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. மனத்தில் உள்ளதை நாட்குறிப்பில் மட்டும் எழுதி வைத்தார்.

அந்த அறையில் அவர் மூளையை அளந்துகொண்டிருந்தார்.

முதலில், மூளைக்குப் பாயும் ரத்தத்தை அளந்தார். எண்ணம் மாறும்போது ரத்த ஓட்டம் மாறுகிறதா என்று பார்த்தார். பிறகு மூளையின் வெப்பத்தை அளந்தார். பல ஆண்டுகள் உழைத்தும் அவர் தேடிய சக்தி அகப்படவில்லை. மிஞ்சியது மின்சாரம்.

முயலின் மூளை

மூளையில் மின்சாரம் உண்டு என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்தி. 1875-ம் ஆண்டு இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து டாக்டர் ரிச்சர்ட் கேட்டன், முயல்களின் மூளையிலும் குரங்குகளின் மூளையிலும் அதைக் கண்டார். விலங்கின் மண்டையைத் திறந்து, மூளையின் மேலேயே கம்பியை வைத்துத்தான் அவரால் பார்க்க முடிந்தது.

மனிதனிடம் அப்படிச் செய்யலாமா? மண்டையோடு கெட்டியான எலும்பு. அதன் மேலே தோல். மின்சாரமோ மிக மிகச் சிறியது. தலையின் மேல் கம்பியை வைத்தால், ஒரு வோல்ட்டை இருபதாயிரம் பங்கு போட்டு அதில் ஒரு பங்கு கிடைக்கும். ஒரு டார்ச் விளக்கின் பாட்டரிக்கு முன்னால் அது கடுகிலும் சிறிது!

பெர்கர் நாய்களின் மூளையில் சோதித்தார். முதல் முயற்சி 1902-ல். சரியாக வரவில்லை. பிறகும் முயன்றார். அப்போதும் தோல்விதான். மின்சாரக் கருவிகளைப் பற்றி அவருக்கு ஆழ்ந்த படிப்பு இல்லை. சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை.

ஆகவே அந்தக் கலைக்கு முதல் மாணவரும் அவரே. முதல் ஆசிரியரும் அவரே!

நூல் அசைந்தது!

1924-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி. பெர்கருக்கு வயது 51.

அவருக்கு முன்னால் 17 வயதுப் பையன் ஒருவன். மூளையில் கட்டி இருக்குமோ என்று சந்தேகித்து அவனுக்கு அறுவைச் சிகிச்சை செய்திருந்தார்கள். அதனால் அவன் மண்டையில் ஓரிடத்தில் எலும்பு இல்லை. எலும்பு குறுக்கே நிற்காவிட்டால் மின்சாரம் சற்றுச் சுலபமாக வெளியே தெரியும் என்பது பெர்கரின் கணக்கு.

அவர் வைத்திருந்த கருவியில் ஒரு மெல்லிய நூல் உண்டு. காந்தத்தின் நடுவே அது தொங்கும். மின்சாரம் பாய்ந்தால் அது அசையும். இதயத் துடிப்பைக் கோடாக எழுதுவதற்கு உண்டான கருவி அது. அப்படிக் கோடாக எழுதிய ஐந்தோவன் என்ற டச்சு விஞ்ஞானிக்கு அதே 1924-ம் ஆண்டில்தான் நோபல் பரிசு கிடைத்தது.

அன்று பெர்கர் அந்த நூலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நூல் அசைந்தது! மிகச் சிறிய அசைவு. நடுங்குவது போல ஓர் ஆட்டம்.

வேறொருவராக இருந்தால் மறுநாளே ஊரைக் கூட்டியிருப்பார். பெர்கர் யாரிடமும் பறைசாற்றவில்லை. கண்டது உண்மைதானா என்ற சந்தேகம் அவரைப் பிடித்துக்கொண்டது.

ஐந்து ஆண்டுச் சந்தேகம்

அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. தலையில் வைத்த கம்பிக்கு வருவதெல்லாம் மூளையின் மின்சாரம் ஆகிவிடாது.

இதயத்திலும் மின்சாரம் உண்டு. அது மூளையை விடப் பல மடங்கு பெரியது. தலை வரைக்கும் வரும். கண்ணைச் சிமிட்டினால் மின்சாரம் எழும். பல்லைக் கடித்தால் எழும். நெற்றியைச் சுருக்கினாலும் எழும். தலையின் ரத்தக் குழாய் துடித்தால் கம்பியே ஆடும். மூச்சு விட்டாலும் உடல் அசையும்.

இவற்றில் எது அந்தக் கோட்டைப் போடுகிறது?

பெர்கர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். மூளையின் கோட்டையும் இதயத்தின் கோட்டையும் ஒரே சமயத்தில் பதிவு செய்தார். இரண்டும் ஒத்துப் போகின்றனவா என்று பார்த்தார். கீழே காலத்தைக் காட்டும் ஒரு கோட்டையும் ஓடவிட்டார். ரத்தத் துடிப்பா, மூச்சா, கண் அசைவா, தசை நடுக்கமா என்று வரிசையாகச் சோதித்து, ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

கம்பிகளையும் மாற்றிக்கொண்டே இருந்தார். ஊசிகளைத் தோலுக்குள் செருகிப் பார்த்தார். ஈயத் தகடு வைத்தார். வெள்ளித் தகடு வைத்தார். பின்னாளில் இன்னும் நுட்பமான கருவிகள் கிடைத்தன. யேனா நகரத்தின் புகழ்பெற்ற ஜெய்ஸ் கண்ணாடித் தொழிற்சாலையின் அறநிதி, அவருடைய ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்து உதவியது.

சோதனைக்கு ஆள் வேண்டுமே! எலும்பு நீக்கப்பட்ட நோயாளிகள் சிலரே கிடைத்தார்கள். எலும்பு முழுதாக உள்ள தலையிலும் கோடு வருமா என்று பார்க்க அவருக்கு ஆசை. அதற்கு அவர் வெளியே போகவில்லை. தன் மகன் கிளாஸை நாற்காலியில் உட்கார வைத்தார்.

எழுபது தடவைக்கு மேல் மகனின் தலையிலிருந்து கோடு எடுத்தார். பிள்ளையும் அசையாமல் உட்கார்ந்தான். தன் தலையிலும் பெர்கர் கம்பி வைத்துக்கொண்டார்.

கண்ணைத் திறந்தால் மாயம்

இப்படிப் பார்த்துப் பார்த்து ஓர் அதிசயத்தை அவர் கண்டார்.

கண்ணை மூடிக்கொண்டு, கவலை இல்லாமல் சும்மா இருக்கும்போது, கோட்டில் பெரிய அலைகள் எழுந்தன. ஒரு நொடிக்கு ஏறத்தாழ 10 அலைகள். ஒரே சீராக, ஏற்றம் இறைப்பது போல மேலும் கீழுமாகப் போயின.

கண்ணைத் திறந்தால் அந்த அலைகள் மறைந்துவிட்டன! அவற்றின் இடத்தில் சின்னஞ்சிறு வேகமான அலைகள் வந்தன. கண்ணை மூடிக்கொண்டே மனக்கணக்குப் போடச் சொன்னாலும் பெரிய அலைகள் குறைந்தன.

பெரிய அலைகளுக்கு ஆல்பா என்று பெயர் வைத்தார். சிறிய அலைகளுக்கு பீட்டா. கிரேக்க எழுத்து வரிசையில் முதல் இரண்டு எழுத்துகள் அவை. இன்றைக்கும் உலகம் முழுவதும் அதே பெயர்கள்தாம்.

1929-ம் ஆண்டு தம் முதல் கட்டுரையை அவர் வெளியிட்டார். நூல் அசைந்த நாளுக்கும் கட்டுரை வெளிவந்த நாளுக்கும் நடுவே 5 ஆண்டுகள் ஓடிவிட்டன.

உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. மனநோய் டாக்டர் ஒருவர் கருவியின் கோளாற்றை மூளையின் மின்சாரம் என்கிறார் என்று பலர் ஒதுக்கினார்கள். பெர்கர் பதிலுக்குச் சண்டை போடவில்லை. அடுத்த கட்டுரையை எழுதினார். பிறகு அடுத்தது. 1938-க்குள் 14 கட்டுரைகள் வெளிவந்தன.

நீர் வண்டும் நோபல் அறிஞரும்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் எட்கர் ஏட்ரியன் என்ற விஞ்ஞானி இருந்தார். நரம்புகளின் மின்சாரத்தை ஆராய்ந்து 1932-ல் நோபல் பரிசு பெற்றவர். பெர்கரின் கட்டுரை அவர் கைக்குக் கிடைத்தது. முதலில் அவருக்கும் நம்பிக்கை வரவில்லை.

அவரும் மாத்யூஸ் என்ற அறிஞரும் சேர்ந்து சோதித்தார்கள். ஏட்ரியன் தம் தலையிலேயே கம்பிகளை வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். அலைகள் வந்தன. கண்ணைத் திறந்தார். அலைகள் மறைந்தன! 1934-ம் ஆண்டு விஞ்ஞானிகள் சபையில் எல்லோர் முன்னிலையிலும் இதைச் செய்து காட்டினார்.

நீர் வண்டு ஒன்றின் கண் நரம்பு முடிச்சிலும் இதைப் போன்ற அலைகளை அவர்கள் பார்த்தார்கள். பெர்கரின் ஒரு தவற்றையும் திருத்தினார்கள். ஆல்பா அலை மூளை முழுவதிலிருந்தும் எழுகிறது என்பது பெர்கரின் எண்ணம். அது முக்கியமாகப் பின்மண்டைப் பக்கத்திலிருந்து, பார்வைக்கு உரிய மூளைப் பகுதியிலிருந்து வருகிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

ஆனாலும் அந்த அலைக்கு அவர்கள் வைத்த பெயர் பெர்கர் அலை. அதன் பிறகுதான் உலகம் யேனா நகரத்துப் பக்கம் பார்த்தது. 1937-ல் பாரிஸ் நகரில் நடந்த மாநாட்டில் பெர்கருக்குப் பெருமை செய்தார்கள்.

வகுப்பில் விழித்த குழந்தை

உலகம் நம்பியதும் பலன் சீக்கிரமே கிடைத்தது.

சில குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சில நொடிகள் சிலை போல விழிப்பார்கள். கூப்பிட்டால் பதில் இராது. பிறகு ஒன்றும் நடக்காதது போலப் பாடத்தைக் கவனிப்பார்கள். கவனக்குறைவு என்று ஆசிரியர் அடிப்பதும் உண்டு.

1935-ம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் கிப்ஸ், டேவிஸ், லென்னாக்ஸ் ஆகிய மூவரும் அத்தகைய குழந்தைகளின் தலையில் கோடு எடுத்தார்கள். விழித்து நிற்கும் அந்த நொடிகளில் நொடிக்கு 3 என்ற கணக்கில் கூர்மையான பெரிய அலைகள் பாய்ந்தன. அது ஒரு வகைக் காக்காய் வலிப்பு!

பேய் என்றும் பிசாசு என்றும், முற்பிறவிப் பாவம் என்றும் பல நாட்டு மக்கள் நினைத்திருந்த நோய் அது. மூளையின் மின்சாரத்தில் ஏற்படும் தடுமாற்றமே அதற்குக் காரணம் என்பதைக் காகிதத்திலேயே காட்ட முடிந்தது.

அழியாத கறை

பெர்கரின் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் இனிமையாக இருக்கும். ஆனால் அவர் வாழ்க்கையில் ஒரு கறை உண்டு. அதை மறைக்க முடியாது.

1933-ல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அதே ஆண்டு ஒரு கொடிய சட்டம் போட்டார். பரம்பரை நோய் உள்ளவர்கள் பிள்ளை பெறக்கூடாது. அவர்களுக்குக் கட்டாய அறுவை செய்ய வேண்டும் என்பது அந்தச் சட்டம். மனநோயாளிகள், பார்வை இல்லாதவர்கள், காது கேளாதவர்கள் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். காக்காய் வலிப்பு உள்ளவர்களும் இருந்தார்கள். சுமார் 4 லட்சம் பேர் இந்தக் கொடுமைக்கு ஆளானார்கள்.

யாருக்கு அறுவை செய்வது என்று முடிவு செய்யத் தனி நீதிமன்றங்கள் வைத்தார்கள். யேனாவில் இருந்த மேல் நீதிமன்றத்தில் டாக்டராக உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர்களில் பெர்கரும் ஒருவர்.

நீண்ட காலம் இந்த விஷயம் வெளியே பேசப்படவில்லை. ஹிட்லரின் ஆட்களால் துன்பப்பட்டவர் என்றே அவரைப் பற்றி எழுதி வந்தார்கள். பிற்காலத்தில் பழைய ஆவணங்களை எடுத்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் உண்மையை வெளியிட்டார்கள்.

அவர் எடுத்த கோடு, வலிப்பு நோயாளிகளுக்கு விளக்காக வந்தது. அவர் போட்ட கையெழுத்து, அதே நோயாளிகளுக்கு எதிராக நின்றது. இரண்டும் ஒரே கை செய்த வேலை.

கடைசி நாட்கள்

1938-ல் 65-வது வயதில் பெர்கர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். ஆராய்ச்சி நின்றது. மறு ஆண்டு இரண்டாம் உலகப் போர் மூண்டது.

உடல் நலம் கெட்டது. அதை விட மனம் மிகவும் சோர்ந்தது. எத்தனையோ பேருடைய மனச் சோர்வுக்கு மருந்து கொடுத்தவர் அவர். அந்த நோய் அவரையே பிடித்தபோது மீள முடியவில்லை. 1941-ம் ஆண்டு ஜூன் மாதம் 1-ந் தேதி அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 68.

நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. அக்காளின் பதற்றத்துக்கு என்ன காரணம் என்ற கேள்விக்கும் கடைசி வரை விடை கிடைக்கவில்லை. தலையிலிருந்து வரும் மின்சாரம் மிகவும் சிறியது. அது ஊர் விட்டு ஊர் போய் இன்னொரு தலையைத் தட்டி எழுப்பாது என்பதை அவரே உணர்ந்திருந்தார்.

தூக்கத்தின் படிகள்

பெர்கர் விட்ட இடத்திலிருந்து பலர் தொடர்ந்தார்கள்.

அமெரிக்காவில் ஆல்பிரெட் லூமிஸ் என்ற பணக்காரர் இருந்தார். விஞ்ஞானத்தில் அவருக்குத் தீராத ஆசை. தம் மாளிகையிலேயே ஆராய்ச்சிக்கூடம் கட்டினார். ஆட்களைத் தூங்க வைத்து, இரவு முழுவதும் மூளைக் கோட்டை எடுத்தார். தூக்கம் ஒரே மாதிரி இருப்பதில்லை. படிப்படியாக ஆழத்துக்குப் போகிறது என்று 1937-ல் எடுத்துச் சொன்னார்.

1953-ல் சிகாகோ நகரில் அசரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் இன்னோர் அதிசயத்தை வெளியிட்டார்கள். தூக்கத்தின் நடுவே மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அங்கும் இங்கும் ஓடுகின்றன. அந்த நேரத்தில் எழுப்பினால், கனவு கண்டதாகப் பெரும்பாலோர் சொன்னார்கள். இதற்கு முதலில் சோதனைக்கு உட்கார்ந்தவர்களில் ஒருவன் அசரின்ஸ்கியின் சிறு மகன். பெர்கரின் வீட்டுக் கதை அங்கேயும் நடந்தது!

இன்றைய மாணவர்கள்

இன்று மூளைக் கோடு எடுப்பதற்கும் தூக்கச் சோதனை செய்வதற்கும் என்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். டாக்டருக்குக் கண்ணும் கையுமாக இருப்பவர்கள் இவர்கள்.

பயிற்சிக்கு வரும் மாணவரின் கையில் முதலில் கொடுப்பது ஓர் அளவு நாடா. மூக்கின் மேல் உள்ள பள்ளத்திலிருந்து பின்மண்டையில் துருத்தும் எலும்பு வரை தலையை அளக்க வேண்டும். பிறகு ஒரு காதிலிருந்து மறு காது வரை. மொத்த நீளத்தில் நூற்றுக்குப் பத்து, நூற்றுக்கு இருபது என்று பங்கு போட்டுப் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். 21 வில்லைகளுக்கும் இப்படி இடம் உண்டு. 1958-ல் உலக அளவில் வகுத்த முறை இது. குழந்தையின் தலையானாலும் பெரியவரின் தலையானாலும் கணக்கு ஒன்றே.

புள்ளி வைத்த இடத்தைத் துடைத்து, பசை தடவி, வில்லையை ஒட்ட வேண்டும். ஒட்டு சரியில்லை என்றால் கோடு பொய் சொல்லும்.

அடுத்த பாடம்தான் கடினமானது. ஓடுகிற கோட்டில் எது மூளை, எது மூளை அல்ல என்று பிரிக்கப் பழக வேண்டும். கண் சிமிட்டினால் ஓர் அலை. பல்லைக் கடித்தால் ஒரு கிறுக்கல். வியர்த்தால் கோடு மெதுவாக ஏறி இறங்கும். இதயம் துடித்தால் சீரான முள். பக்கத்து மின்சாரக் கம்பி கூட வந்து கோடு போடும். இதை நோய் என்று நினைத்துவிட்டால் நோய் இல்லாதவருக்கு மருந்து கொடுக்க நேரும். நோயை இது என்று நினைத்து விட்டுவிட்டால், நோயாளிக்கு மருந்தே கிடைக்காமல் போகும்.

தூக்கச் சோதனை இன்னும் நீண்டது. மூளையோடு கண் அசைவு, தாடைத் தசை, மூச்சு, இதயம், ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன், கால் அசைவு எல்லாவற்றையும் பதிவு செய்வார்கள். நோயாளி தூங்குவார். பக்கத்து அறையில் இவர் விழித்திருப்பார். 30 நொடிக்கு ஒரு பக்கம் என்று கோடு ஓடும். 8 மணி நேரத்துக்கு 960 பக்கங்கள்! குறட்டை விடுபவரின் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்க்க வேண்டும். நள்ளிரவில் ஒரு வில்லை கழன்றால், நோயாளியின் தூக்கத்தைக் கெடுக்காமல் உள்ளே போய் ஒட்டிவிட்டு வர வேண்டும்.

இந்தப் பாடங்களை எல்லாம் பெர்கர் தனியாக, ஆசிரியர் இல்லாமல், பலவிதமான தகடுகளையும் ஊசிகளையும் மாற்றி மாற்றி வைத்துக் கற்றுக்கொண்டார். அவருக்கு 5 ஆண்டுகள் பிடித்த சந்தேகத்தை இன்று மாணவர்கள் முதல் சில மாதங்களிலேயே படிக்கிறார்கள். கோட்டைக் கண்டதும் நம்பாதே; முதலில் சந்தேகப்படு என்பதே அந்தப் பாடம்.

தன் கருவியைச் சந்தேகிக்கத் தெரிந்த பெர்கருக்கு, தன் நாட்டின் சட்டத்தைச் சந்தேகிக்கத் தெரியாமல் போயிற்று. அதையும் சேர்த்தே அவர் வாழ்க்கையிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது.

சோதனை தொடங்கியதும் உலகம் முழுவதும் மாணவர்கள் நோயாளியிடம் ஒன்றைச் சொல்கிறார்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். திரையில் அலைகள் எழுகின்றன. நொடிக்குப் பத்து. கண்ணைத் திறக்கச் சொல்கிறார்கள். அலைகள் மறைகின்றன.

யேனா நகரத்துச் சிறிய அறையில், அப்பாவுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்த கிளாஸின் தலையிலிருந்து வந்த அதே அலைகள்!